கண்ணாயிரம் வேனில் இருந்த கோளாறு

என் தங்கை ஆசியா உம்மாளைக் கட்டிய நஸ்ருதீன் மச்சானுக்கு "தெரியல" என்ற சொல் வாயில் வராது. கடலூர் முதுநகர் லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். ஹெட்லைட் எரியவில்லையா, டைனமோ சார்ஜ் ஏற்றவில்லையா, மச்சான் ஒரு பல்பையும் இரண்டு முழ ஒயரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போய்ப் படுப்பார். கோளாறு கிடைக்காமல் சோறு இறங்காது அவருக்கு. ஆசியா தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, ஒங்க மச்சானுக்கு வண்டிதான் பொண்டாட்டி" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுப் போவாள்.

நான் அப்துல் மாலிக். அவர் கடைக்குப் பக்கத்திலேயே பேட்டரி சார்ஜ் போடுகிறவன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அறுபத்தாறாம் வருஷம் வைகாசியில் கண்ணாயிரம் தன் வேனைத் தள்ளிக்கொண்டு வந்தான். பட்டாளத்தில் டிரைவராக இருந்தவன். பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, உள்ளேயே பலகையடித்துக் கட்டில், அலமாரி, பாத்திரத் தட்டு எல்லாம் போட்டு வீடாக்கியிருந்தான். சந்தை சந்தையாகப் போய் மைக் வைத்து வலித் தைலம் விற்பான். அவன் மனைவி பட்டம்மாளுக்கு அந்த வேனை விட்டால் வேறு வீடு கிடையாது.

"நாலு நாளு நிறுத்தி வச்சா பேட்டரி செத்துப்போவுது பாய். எல்லா சுச்சும் ஆப்புலதான் கெடக்குது. பேயா பிசாசா, கண்டுபுடிச்சுக் குடுங்க. இல்லன்னா வேனப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, இவள விருத்தாசலத்துல இவ அண்ணன் ஊட்டுல உட்டுட்டு நான் லாரிக்குப் போறேன்" என்றான். பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவன் டீக்கடைக்குப் போனதும் மச்சான் வேலையில் இறங்கினார். பேட்டரி ஒயர் ஒன்றைக் கழற்றி நடுவில் தன் பல்பை மாட்டினார். சுவிட்ச் எல்லாம் அணைந்திருந்தும் பல்பு மங்கலாக எரிந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அப்போதும் எரிந்தது. அப்படியானால் பியூஸுக்கு முன்னாலேயே யாரோ திருட்டுத்தனமாக ஒரு ஒயரை ஒட்டியிருக்கிறார்கள். அதை விரலால் தடவிக்கொண்டே போனவர் கட்டிலுக்கடியில் ஒரு பலகையை நகர்த்தினார். பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே சைடு லைட் பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடிச் சின்னக் கொலுசு, திருநீற்றுப் பொட்டலம்.

"அண்ணே, அத மட்டும் அணைச்சிடாதீங்க" என்றாள் பட்டம்மாள், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு.

அவளுக்குக் கொளஞ்சி என்று நாலு வயதில் ஒரு பெண் இருந்தது. முந்தின வருஷம் பண்ருட்டி சந்தைக்குப் போனபோது காய்ச்சல் கண்டு, திருவதிகை பக்கத்தில் அந்தக் கட்டிலிலேயே கண்ணை மூடிவிட்டது. கெடிலக் கரையில் அடக்கம் செய்துவிட்டு மறுநாள் காலையிலேயே கண்ணாயிரம் வேனைக் கிளப்பிவிட்டான். துணி, பாய் எல்லாவற்றையும் ஆற்றில் விட்டான். குழந்தை பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவான். உயிர் போன இடத்தில் பதினாறு நாள் விளக்கு எரிய வேண்டாமா? உள்ளே தைலமும் ஸ்பிரிட்டும் டின் டின்னாக இருந்தன. அகல் ஏற்ற வழியில்லை. கண்ணாயிரம் மைக்குக்கு ஒயர் ஒட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அவளாகவே இந்தப் பல்பைப் போட்டிருக்கிறாள்.

"பதினாறு நாளு எப்பவோ முடிஞ்சுபோச்சு. அணைக்கத்தான் கை வரலண்ணே. அவுரு பாத்தா பிச்சு எறிஞ்சிடுவாரு."

மச்சான் அவள் ஒட்டிய ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கம்மா" என்றாராம். அந்தப் பல்பைக் கழற்றி, கம்மியாகக் கரண்ட் குடிக்கும் மீட்டர் பல்பு ஒன்றைப் போட்டு, பலகையை மூடினார். கண்ணாயிரம் வந்ததும் "எலி கடிச்ச ஒயரு. சரி பண்ணிட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதில் ஒரு வார்த்தை அன்று எனக்குத் தெரியாது. கோபக்காரனிடம் எவன் ரகசியம் சொல்வான்?

அடுத்த மாதம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போன கண்ணாயிரம் ஆள்விட்டுக் கூப்பிட்டான். பேட்டரிமேல் சந்தேகப்பட்டு நான் புது பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மச்சானோடு பஸ் ஏறினேன். கீழவீதியில் தேர்க்கூட்டம் நெரிகிறது, கண்ணாயிரத்தின் மைக் ஊமையாகக் கிடக்கிறது. பழைய பேட்டரி, நாள் முழுக்க மைக், போதாததற்கு அந்தச் சின்னப் பல்பு. எத்தனை நாள்தான் தாங்கும்? அவன் கையில் கடப்பாரை.

"எலியா கடிச்சுது, எலி! எல்லாப் பலகையும் பேத்துடறேன் பாரு, இப்பவே!"

பட்டம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. மச்சான் அவளை ஒருமுறை பார்த்தார்.

"கடப்பாரையக் கீழ வை. உள்ள ஒண்ணும் இல்ல. ஒயர மாத்திக் குடுத்துக் கெடுத்தது நான்தான். என்னா கோளாறுன்னு எனக்குத் தெரியல."

"தெரியலையா?"

"தெரியல" என்றவர் என் பக்கம் திரும்பி, "மச்சான், அந்தப் புது பேட்டரிய மாட்டிக் குடுங்க" என்றார்.

என் பேட்டரி! பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன். மைக்குக்கு உயிர் வந்தது. கண்ணாயிரம் தைலத்தை மறந்துவிட்டு முதலில் பேசியது இதுதான்: "மகா ஜனங்களே! கடலூர் முதுநகர்ல நஸ்ருதீன்னு ஒரு எலெக்ட்ரீசியன் இருக்காரு. தப்பித் தவறி அவருகிட்ட வண்டிய உட்டுடாதீங்க!" கூட்டம் சிரித்தது. மச்சான் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். மானம் கப்பலேறிவிட்டது.

"வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று பஸ்ஸில் கடலூர் வரைக்கும் கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார்.

கண்ணாயிரம் போன சந்தையிலெல்லாம் அதையே சொன்னான். லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளிடம் போனார்கள். நான் மச்சானோடு பேச்சை நிறுத்தினேன். "ஒரு பேட்டரி ஏன் எறங்குதுன்னு தெரியாதவனுக்கா என் தங்கச்சியக் குடுத்தேன்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து ஃபேனுக்குக் காயில் சுற்றினார். அறுபத்தெட்டில் மஞ்சள் காமாலை வந்து மௌத்தானார். அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்தேன். இரண்டு வருஷமாக அவரோடு ஒரு வார்த்தை பேசாதவனின் தோள் அது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி ஒரு வாரம் இருக்கும். பட்டம்மாள் அந்த டப்பாவோடு என் கடைக்கு வந்தாள். "நஸ்ருதீன் அண்ணன் இல்லைங்களா?" என்றாள். அவர் இறந்துபோனதைச் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். வேனை விற்றார்களாம். வாங்கியவன் பலகையைப் பெயர்க்க, டப்பா கண்ணாயிரத்தின் காலடியிலேயே விழுந்திருக்கிறது. கொலுசை முகத்தில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதானாம்.

"ஊரு ஊரா மைக்குல சொன்னனே, எந்த வாயால போயி மன்னிப்பு கேக்கறதுன்னு, பஸ் ஸ்டாண்டுலயே குந்திக்கினு இருக்காரு. நான் முன்ன வந்து சொல்லிட்டு அவரக் கூட்டிக்கினு வரலாம்னு வந்தேன்."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவளே கேட்டாள்: "அண்ணனுக்கு யாரு வெளக்கு வச்சது?"

"எங்கள்ல அந்தப் பழக்கம் இல்லம்மா."

அவள் கொலுசையும் பொட்டலத்தையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "எம் பொண்ணுக்கு இனிமே எங்கண்ணன் ஊட்டு மாடத்துல ஏத்திக்குவேன். இது அவுரு கையால போட்ட பல்பு. நீங்க வச்சுக்குங்க." டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சார்ஜில் இருந்த பேட்டரி ஒன்றில் டப்பாவோடு வந்த ஒயரை வைத்தேன். எரிந்தது. "மச்சான், என்ன மன்னிச்சிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லி, கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். அதைக் கேட்க வேண்டிய ஆள்தான் இல்லை.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் போகும் வழியில் பள்ளிவாசல் ஹஜ்ரத் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன மாலிக், பட்டப்பகல்ல டப்பாக்குள்ள லைட்டு எரியுது?"

"தெரியல ஹஜ்ரத்" என்றேன். "ஏதோ கோளாறு."