சாருக்காக நான் அடித்த மெயில்கள்

நாவலூர் ஆபீசில் என் மேலாளருக்கு டைப் அடிக்க வராது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவார். மற்றபடி அவர் பதிலெல்லாம் செல்போனில் அனுப்பும் கட்டைவிரல் படம்தான். அதனால் தினமும் காலை பத்து மணிக்கு அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து, அவர் பாஸ்வேர்டைப் போட்டு, அவர் சொல்லச் சொல்ல மெயில் அடித்துக் கொடுப்பேன். ‘பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று மாதாமாதம் போகும் சுற்றறிக்கையையும் நான்தான் அடிப்பேன். ஊருக்குத்தானே உபதேசம்! பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. பதவி உயர்வு கேட்டால் மட்டும், “உனக்கு இன்னும் பொறுப்பு வரலம்மா” என்பார்.

போன வருஷம் செயற்கை நுண்ணறிவுக் காவல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் டைப் அடிக்கும் வேகத்தையும் தடுமாற்றத்தையும் ஒரு மாதம் கவனித்துக் கற்றுக்கொள்ளுமாம். அப்புறம் வேறு கை பட்டால் கணக்கைப் பூட்டிவிடுமாம். சார் மீட்டிங் போட்டு, “இனிமே ஒரு ஈ கூட உள்ள வர முடியாது” என்று மார்தட்டினார். அந்த மாதம் முழுக்க அவர் கணக்கில் அடித்தது என் கை. அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா வந்தது. தாம்பரத்து வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இரண்டு நாள் லீவு போட்டேன். வேறு வழியில்லாமல் சாரே அடிக்க உட்கார்ந்திருக்கிறார். நாலு வரி தாண்டவில்லை, யாரோ புகுந்துவிட்டார்கள் என்று பூட்டிவிட்டது. சொந்தக் கணக்கிலேயே மனுஷன் திருடனாகிவிட்டார்.

நான் திரும்பிப் போன அன்று விசாரணை. பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். சார் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “இந்தம்மா என் பாஸ்வேர்டைத் திருடியிருக்காங்க மேடம்.”

திருடிப் பட்டத்தோடு வெளியே போனால் இந்த ஐ.டி. ரோட்டில் எந்த ஆபீஸ் என்னைச் சேர்க்கும்? என் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது.

அதிகாரி கணக்கைத் திறந்து, எங்கள் இருவரையும் அடித்துக் காட்டச் சொன்னார். சார் அடித்தார். திரை சிவந்தது. நான் அடித்தேன். பச்சை! சார் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் வேறு வைத்தது. அந்த ஆபீசில் என்னை மேலாளராக மதித்தது அது ஒன்றுதான்.

“சார், அது கத்துக்கிட்ட மாசம் பூரா உங்க கை ஒரு தடவை கூட பதிவாகல. இவங்க அடிச்ச நேரமெல்லாம் நீங்களும் ரூமுக்குள்ளதான் இருந்திருக்கீங்க, கதவு கார்டுப் பதிவுல இருக்கு. திருடறவங்க உங்க முன்னாடியே உக்காந்தா திருடுவாங்க?” என்றார் அதிகாரி.

சார் முகம் செத்துப்போனது. ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. என் வேலை தப்பியது. அவருக்குக் கூடுதலாக ஒன்று: நடந்ததை ஒப்புக்கொண்டு ஆபீஸ் முழுவதற்கும் மன்னிப்பு மெயில் அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் என் சீட்டுக்கே வந்தார். குரலில் தேன் வடிந்தது. “சின்ன மெயில்தாம்மா. அஞ்சே நிமிஷம், வந்து அடிச்சுக் குடுத்துடேன்.”

மனுஷனுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் முடியாது என்றேன்.

“நீங்களே அடிங்க சார். என்னைத் திருடின்னு சொன்னீங்களே, அதையும் சேர்த்து அடிங்க.”