பூந்தமல்லியிலிருந்து ஆறு பிளேட்டில் ஏறி வந்த நாவல்

ஆவடிப் பக்கத்திலிருந்து பூந்தமல்லி போய், கதை பேசும் கிராமபோன் பிளேட்டுகளை வாடகைக்கு எடுத்துவர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பவும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் என் மகள் தனத்துக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாள் இரண்டு கண்ணிலும் கட்டு. "அழவே கூடாது, அழுதால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ நாவல் இல்லாமல் சோறு இறங்காதவள். மூன்றாம் நாள் நானே ஒன்றை வாசித்துக் காட்டினேன். அரைப் பக்கம்கூடத் தாண்டவில்லை.

"போதும் நைனா. நீ படிக்கறத கேட்டாதான் அழுகையா வருது."

கிராமபோன் பெட்டியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சேக்காட்டில் முனுசாமியின் ஜட்காவில் ஏறினேன். பூந்தமல்லி ஆறு மைல். போகவர பன்னிரண்டு அணா. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. குதிரை வழியில் பார்த்த புல்லையெல்லாம் விசாரித்துக்கொண்டே நடந்தது.

கடைக்காரரிடம், "நல்லதா ரெண்டு குடுங்க" என்றேன். என் முதல் முட்டாள்தனம் அது. மாட்டு வைத்தியம் இரண்டு பிளேட், நாவல் ஆறு பிளேட், ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் என்றார். போட்டும் காட்டினார். மாட்டு வைத்தியக்காரர் கிஸ்தி கேட்க வந்தவர் மாதிரி அதட்டினாலும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நாவல் வாசித்தவருக்கோ கதாநாயகி, மாமியார், ஜட்ஜ் எல்லாருக்கும் ஒரே தொண்டைதான். பிளேட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம். கதாநாயகி வாயைத் திறக்கும்போது பிளேட்டைத் திருப்ப வேண்டும். இரண்டாவது பிளேட்டில் தூங்கிவிட்டேன்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு பத்தரைக்குக் கிளம்பினோம். பருத்திப்பட்டு தாண்டும்போது முனுசாமி பிளேட் பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"இந்தக் கதையா நைனா? கடசி பிளேட்ல அல்லாரும் செத்துப் பூட்றாங்க. எங்க ஊட்ல ரெண்டு நாளு அடுப்பே எரியல, ஒரே அழுகை!"

கடைக்குத் திரும்பலாம் என்றால் குதிரைக்குச் சம்மதமில்லை. ஆறாவது பிளேட்டை மட்டும் உருவி வண்டிக் கூரைமேல் ஓலைக்குள் செருகினேன். ஐந்துதான் கிடைத்தது என்று சொல்லிவிடலாம் என்பது என் மகா யோசனை.

பன்னிரண்டே காலுக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். என் பின்னாலேயே ஊருக்கே கேட்கும்படி முனுசாமியின் குரல்.

"நைனா! ஆறாவது பிளேட்ட மேலேயே மறந்துட்டியே!"

தனத்துக்குக் கண்ணில்தானே கட்டு, காதில் இல்லையே.

மாட்டு வைத்தியத்தைப் போட்டேன். "நம்மகிட்ட மாடே இல்லியே நைனா" என்றாள். நாவலைப் போட்டேன். ஐந்தாவது முடிந்ததும் போதும் என்று மன்றாடினேன்.

"போடலன்னா இப்பவே அழுவேன்."

வேறு வழி? சாவி கொடுத்து ஆறாவதை வைத்தேன். சித்திரை வெயிலில் அது அப்பளமாக நெளிந்திருந்தது. ஊசி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் விழுந்தது. சாகக் கிடந்த கதாநாயகன் நீட்டி முழக்கி, சளி பிடித்த எருமைக் கன்று மாதிரி தன் மனைவியைக் கூப்பிட்டான். தனம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பிலேயே கண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து பெட்டியை மூடிவிட்டேன்.

கடைக்காரர் அந்தப் பிளேட்டுக்குத் தனியாக இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலை ஒன்பதுக்குள் கடையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். பிளேட்டை ஈரச் சாக்கின் நிழலில், படுக்கை வசமாக வையுங்கள். முடிவு என்ன என்று கடையிலேயே கேளுங்கள். வண்டிக்காரரை நம்பி எதையும் ஒளிக்காதீர்கள்.

பத்தாம் நாள் கட்டு அவிழ்ந்தது. "இன்னா நைனா, இப்டி இளைச்சிட்ட?" என்றாள். டாக்டர், இனிமேல் எதற்கும் தடையில்லை என்றார். அந்த நாவலைப் புத்தகமாக வாங்கித் தந்தே ஆகவேண்டும் என்று தனம் பிடிவாதம் பிடித்தாள். வாங்கித் தந்தேன். இதை எழுதும்போது உள்ளே கடைசி அத்தியாயத்தில் இருக்கிறாள். விசும்பும் சத்தம் கேட்கிறது.

அழட்டும்.