டீனாவுக்குக் கிடைத்த கியர் வேலை

மாரிகுப்பத்திலிருந்து முதல் வண்டி கிளம்பும்போது டீனாவின் கண்கள் திறந்திருக்கும்; உடம்பு மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். வண்டி அங்கேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். ஜன்னலோரம் தலையைச் சாய்த்தால் சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் ஸ்டேஷன்கள் எல்லாம் அரைத் தூக்கத்தில் வந்து போகும். பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறும். யாராவது ஒருவர் சாப்பாட்டுப் பையை அவள் மடியில் வைத்து, “கொஞ்சம் புடிச்சிக்கோமா” என்பார். அத்தோடு தூக்கம் போய்விடும். ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது அன்றைய நாள் முடிந்துபோனதுபோல் இருக்கும். ஆனால் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

அவளைச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பிலிருக்கும் ஸ்கெலட்டன் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குத் தினமும் மொபெட்டில் கொண்டுவந்து விடுபவன் அண்ணன் ஜெயகரன். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஆனால் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுவான். தங்கை விஷயத்தில் மட்டும் அவனுக்கு அளவு தெரியாது. சர்ச்சில் யார் கேட்டாலும், “டீனா பெங்களூர்ல கியர்பாக்ஸ் இன்ஜினியர்” என்று சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அவள் அந்த ஒர்க்‌ஷாப்பில் சக்கரம் கழற்றுவாள், பிரேக் கழுவுவாள், ஆயில் மாற்றுவாள்.

அந்த வியாழக்கிழமை பிளாட்பாரத்தில் அவன் கிளம்பாமல் நின்றான்.

“இன்னிக்குதானே அந்த வேலை?”

“ஆமாண்ணா. யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத.”

“நான் யார்கிட்ட சொல்லப் போறேன்.”

“எலைன் அக்காகிட்ட சொல்லிட்ட. ஞாயித்துக்கெழம அவங்க எனக்குக் கை குடுத்தாங்க.”

“அவங்க கேட்டாங்க, சொன்னேன். சர்ச்சு வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்லச் சொல்றியா?”

“நீ சொன்னதே பொய்தான்.”

“இன்னிக்கு சாயந்திரத்துல இருந்து நெசமாயிடும். போ, வண்டி எடுக்கப் போறான்.”

விஷயம் இதுதான். ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் வேலைக்கென்று தனியாக ஒரு இடம் உண்டு; ‘கியர் பே’ என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓசூருக்குப் போய்விட்டார். முதலாளி மனோகர் டீனாவைக் கூப்பிட்டு, “ரோஹித் சார் வண்டி வருது. ஷார்ட் ஷிஃப்டர் மாட்டணும். அவர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா கியர் பே உனக்கு” என்றிருந்தார். மற்ற வேலைகளுக்குக் காலையிலேயே வந்துவிட வேண்டும். ஆபீஸ் போகிறவர்கள் வழியில் காரை விட்டுவிட்டுப் போவார்கள். கியர் வேலைக்கு அந்த அவசரம் கிடையாது. பத்தரைக்கு வந்தால் போதும். அப்படியென்றால் முதல் வண்டியை விட்டுவிட்டு இரண்டாவது வண்டியில் வரலாம். முழுதாக ஒன்றரை மணி நேரத் தூக்கம். டீனா ராத்திரி படுத்துக்கொண்டு அந்த ஒன்றரை மணி நேரத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் கூடுமா என்று கேட்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கியர்பாக்ஸ் அவளுக்குப் புதிதல்ல. ஐ.டி.ஐ. முடித்ததும் ஊரிலேயே, மண் அள்ளும் ராட்சத வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். ஆள் உயர கியர்பாக்ஸ்களைப் பூட்டும் செக்‌ஷன். எங்கே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ற கனத்தில் ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, ஆட்டமே இல்லாமல் அடைப்பதுதான் அவள் வேலை. அதில் அவளுக்கு நல்ல பேர். பிறகு கான்ட்ராக்ட் முடிந்தது. பேரும் அத்தோடு முடிந்தது.

ரோஹித்தின் கார் இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஜப்பான் கார். பழசுதான், ஆனால் அவன் அதைக் குளிப்பாட்டி, துடைத்து, பிள்ளைபோல் வைத்திருந்தான். சின்னப் பையன், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி.

“அக்கா, இப்ப கியர் போடணும்னா கை இங்கருந்து அங்க வரைக்கும் போகுது. பாதி தூரத்துல விழணும். டக் டக்குனு. ஸ்வல்பகூட ஆட்டம் இருக்கக்கூடாது.”

பக்கத்தில் ஒரு வேனுக்கு பிரேக் மாட்டிக்கொண்டிருந்த ராஜப்பா தலையை நீட்டினார். மாலூர்க்காரர், டீனாவைவிடப் பத்து வயது பெரியவர்.

“கியர் போடறதுக்கு அவ்வளோ தூரம் போவணுமாம், கை நோவுதாம். நம்ம டீனாவோட ஒருநாள் மாரிகுப்பத்துலருந்து வரச் சொல்லு சார். எது தூரம்னு தெரியும்.”

ரோஹித் சிரித்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துகொண்டான்.

டீனா முதலில் சீட்டுகளின் மேல் துணி விரித்தாள். கியர் ராடின் தலையில் இருந்த குமிழைத் திருகி எடுத்தாள். தோல் உறையையும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த பெட்டியையும் கழற்றினாள். கீழே ஒரு ரப்பர் உறை, அதற்கும் கீழே மூன்று போல்ட்டில் ஒரு தட்டு. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, எடுத்த இடத்தின் வரிசையிலேயே செருகி வைத்தாள். தட்டை எடுத்ததும் பழைய ராடு பந்து மூட்டோடு வெளியே வந்தது. உள்ளே இருந்த எண்ணெய் கறுத்துப் போயிருந்தது. உறிஞ்சி எடுத்துத் துடைத்தாள்.

ஷார்ட் ஷிஃப்டர் என்கிற புதிய ராடைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பந்துக்கு மேலே குட்டை, கீழே நீளம். மேலே கை கொஞ்சம் நகர்ந்தாலே கீழே நிறைய நகரும். அதற்கு ஈடாகக் கை கூடுதலாக அழுத்த வேண்டும். வேறு மாயம் ஒன்றுமில்லை.

பந்தை நைலான் கிண்ணத்தில் உட்காரவைத்து, கூடவே வந்திருந்த நெளிவளையத்தைப் போட்டுத் தட்டை மூடினாள். ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தது. நெளிவளையம் கொஞ்சம் அமுங்கி, கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

அவள் கைக்கு அது பொறுக்கவில்லை. தொழிற்சாலையில் ஆட்டம் இருந்தால் கியர்பாக்ஸ் செக்‌ஷனைத் தாண்டிப் போகாது. அவள் கற்ற தொழில் அதுதான். மறுபடி கழற்றி அளந்தாள். அலமாரியில் தேடி, சரியான கனத்தில் ஒரு ஷிம்மை எடுத்துத் தட்டுக்கு அடியில் போட்டாள். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, ஒரே சீராக முறுக்கினாள். இப்போது ராடு கல்லில் நட்டதுபோல் நின்றது. நகர்த்தினால் டக்கென்று விழுந்தது.

ராஜப்பா வந்து ஒருமுறை போட்டுப் பார்த்தார். “ஏம்மா, இது கியரா, பூட்டா? இன்னாமா விழுது.”

மனோகரும் போட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். ரோஹித் கேட் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான். முகமெல்லாம் பல். “ஒரு ரவுண்டு ஹொஸ்கோட்டே வரைக்கும் போய் வரேன்” என்று கிளம்பினான்.

டீனா கையைக் கழுவிக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். “முடிஞ்சுதுண்ணா.” கடையில் யாரிடமோ அவன், “எங்க டீனாதான்” என்று சொல்வது போனிலேயே கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

ரோஹித் வெகுநேரம் வரவில்லை. அவளுடைய சாயங்கால வண்டிக்கு நேரம் நெருங்கும்போது மனோகரின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு மனோகர் டீனாவைப் பார்த்தார்.

“ரெண்டாவது கியர்ல மாட்டிக்கிச்சாம். வெளிய வரலியாம். ரெண்டுலயே உருட்டிக்கினு வரான்.”

அரை மணி நேரம் கழித்து அந்தச் சிவப்புக் கார் அலறிக்கொண்டு கேட்டுக்குள் வந்தது. ரோஹித் இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்றான். கோபமாகக்கூட இல்லை. அழுதுவிடுவான்போல் இருந்தான்.

“முதல்ல சூப்பரா இருந்துச்சு அக்கா. போகப் போக இறுகிச்சு. சிக்னல்ல நிறுத்திட்டுப் போடறேன், அசையவே மாட்டேங்குது. பின்னாடி பஸ்காரன் திட்டறான்.”

ராஜப்பா டீனாவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார். “பெட்டியில வந்த சாமான்ல கோளாறுன்னு சொல்லிடு. வேற கம்பெனி சாமான் வாங்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?”

டீனா காருக்குள் குனிந்தாள். ராடின் மேல் கையை வைத்தாள். கொதித்தது. அந்தச் சூடு பட்டதும்தான் அவளுக்கு விளங்கிற்று.

தொழிற்சாலையில் அவளுடைய செக்‌ஷன் முழுக்கக் குளிர்ந்த இரும்போடுதான் வேலை. பூட்டி முடித்து முத்திரை போட்டதும் டிராலி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அதில் எண்ணெய் ஊற்றி, சூடாகும்வரை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஷிம்மை அங்கேயே மாற்றுவார்கள். அது வேறு செக்‌ஷன், வேறு ஆட்கள். அத்தனை வருஷத்தில் சூடான ஒரு பெட்டியை டீனா தொட்டதில்லை. தன் வேலை முடிந்தால் பெட்டி முடிந்தது என்று அங்கே பழகிய கை, இங்கேயும் அப்படியே முடித்துவிட்டது. சூட்டில் நைலான் கிண்ணம் உப்பும். உப்புவதற்கு நெளிவளையம் வைத்திருந்த இடத்தை அவளுடைய ஷிம் அடைத்துவிட்டிருந்தது.

“சாமான் நல்ல சாமான்தான் சார்” என்றாள் மனோகரிடம். “அதுல இல்லாத ஒரு ஷிம்ம நான்தான் போட்டேன். ஆட்டம் இருக்கக்கூடாதுன்னு போட்டேன்.”

“யார் போடச் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

மனோகர் கையைக் கட்டிக்கொண்டார். “ஆறட்டும், நாளைக்குக் காலைல பாரு” என்றார்.

“இல்ல சார். சூடா இருக்கும்போதே கழட்டணும். ஆறிட்டா நல்லாதான் விழும். ஒண்ணும் தெரியாது.”

அவளுடைய வண்டி அந்நேரம் ஒயிட்ஃபீல்டைத் தாண்டியிருக்கும். அவள் மறுபடி துணி விரித்தாள். மறுபடி குமிழ், உறை, பெட்டி, மூன்று போல்ட். உள்ளேயிருந்து சூடான எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. தட்டைத் தூக்கும்போது மணிக்கட்டு உள்ளே பட்டுத் தோல் சிவந்தது. ராஜப்பா தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கையில் ஊற்றினார். “பொய் சொல்லியிருந்தா இன்னேரம் மாலூர் தாண்டியிருப்ப” என்றார்.

“மாலூர் தாண்டியும் நின்னுக்கினுதான் போவணும், சீட்டு கெடைக்காதுண்ணா” என்றாள் டீனா. ஷிம்மை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு பழுதும் இல்லை, வளையவுமில்லை. பழைய சாமான் டப்பாவில் போட்டுவிட்டு, நெளிவளையத்தை மட்டும் வைத்து மூடினாள்.

இந்தத் தடவை தானே ஓட்டுவதாகச் சொன்னாள். ரோஹித் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒயிட்ஃபீல்டு ரோட்டில் ஆபீஸ் விடும் நேரம். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ராடு ஒவ்வொரு முறையும் வந்தது, போனது. அப்படிப்பட்ட காரை அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

“எப்படி இருக்குக்கா?” என்றான் ரோஹித்.

“சீட்டு நல்லா இருக்குது சார். தூக்கம் வருது.”

அவன் பயந்துபோய் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நன்றாகச் சூடேறும்வரை சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். நிறுத்திய வண்டியிலேயே ரோஹித் நான்கைந்து தடவை கியரைப் போட்டுப் பார்த்தான்.

“முதல்ல இருந்த அந்த டக் இப்ப இல்ல” என்றான்.

“இல்ல சார். இருக்காது.”

“ஆனா விழுது.” கொஞ்சம் யோசித்தான். “ஓகே. நல்லா இருக்கு.” மனோகரைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிவிட்டுப் போனான்.

மனோகர் டீனாவை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றாள்.

“கியர் பே உனக்குத்தான்” என்றார். “காலைல பத்தரைக்கு வா. ஆனா ஒண்ணு. இனிமே சூடாகாம எந்த வண்டியும் அங்கருந்து வெளிய போகக்கூடாது. நீ சொன்னதுதான். இந்தப் பசங்க எல்லாம் ஆபீஸ் முடிச்சிட்டு சாயந்திரம்தான் வருவாங்க. அவங்கள உக்கார வெச்சு, ஓட்டி, சூடாக்கிக் காட்டிட்டுத்தான் நீ போகணும். முடியுமா?”

டீனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டாவது வண்டியில் வந்தால், கடைசி வண்டியில்தான் போக முடியும். காலையில் சேரும் ஒன்றரை மணி நேரம் ராத்திரியில் கழிந்துவிடும். சில நாள் அதைவிடக் கூடவும் கழியலாம். முடியாது என்று சொன்னால் நாளைக்கு முதல் வண்டி, சக்கரம், பிரேக். சொல்லலாம், மனோகர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவள் எண்ணெய் ஏறிய தன் விரல்களைப் பார்த்தாள். முதலில் அந்த ராடு டக்கென்று விழுந்தபோது உள்ளங்கையில் தோன்றியது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது தப்பு என்று தெரிந்த பிறகும் இருந்தது.

“வரேன் சார்” என்றாள்.

ஒயிட்ஃபீல்டு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

“எங்கம்மா இருக்க? வண்டி வந்து போயிடுச்சே. நான் மாரிகுப்பத்துலதான் நின்னுக்கினு இருக்கேன்.”

“வேல இழுத்துடுச்சு. அடுத்த வண்டில வரேன். கியர் வேல எனக்குத்தானாம்.”

“நான் சொன்னேனா இல்லியா” என்றான். “அப்ப நாளைல இருந்து ரெண்டாவது வண்டி.”

“ரெண்டாவது வண்டிதான். திரும்பி வர்றதுதான் கடைசி வண்டி. தெனமும்.”

ஜெயகரனும் கணக்குப் போடுவது அவளுக்குக் கேட்டது. துணி அளப்பதுபோல், உதட்டுக்குள் மெல்ல எண்ணினான்.

“அப்ப நீ தூங்கறது அதே அளவுதானேம்மா.”

“அதே அளவுதான்.”

“சரி” என்றான் அவன். “கடைசி வண்டிக்கு ஸ்டேஷன்ல ஆட்டோ இருக்காது. நான் வரேன். வீட்ல எல்லாரும் எத்தனை மணிக்குப் படுக்கணும்னு நான் கரோலின்கிட்ட பேசிக்கறேன், நீ அதப்பத்தி நெனைக்காத.”

கரோலின் அவன் மனைவி. அதிகாலையில் எழுந்து இரண்டு பேருக்கும் சோறு கட்டுபவள் அவள்தான். “அண்ணியோட தூக்கம்ண்ணா…” என்று டீனா ஆரம்பித்தாள். வண்டி வந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு ஏறினாள்.