நீல பேஸ் பாட்டில்

நான் வேலை பார்க்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் பிரதான மின்சுவிட்சை பிரேக்கர் என்றுதான் சொல்வோம். அதற்குள் மூன்று பீங்கான் பாட்டில்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பேஸுக்கு, அதாவது மின்சாரம் வரும் ஒவ்வொரு தடத்துக்கும், ஒன்று. சுவிட்சை அணைத்தால் பாட்டிலுக்குள் இரண்டு முனைகள் பிரியும், நடுவே தீப்பொறி பாயும். உள்ளே காற்றே இல்லாததால் அது உடனே அணைந்துவிடும். காற்று கசிந்திருந்தால் அணையாது. பெட்டியையும் எரித்து, முன்னால் நிற்பவனையும் எரித்துவிடும். ஆக, உள்ளே ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்தச் சாமானின் தரம். ஒன்றுமில்லாததை எப்படிப் பார்த்து நம்புவது? கடையில் கட்டிக் கொடுத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையே பிரித்துப் பார்த்துவிட்டு நகர்கிற ஆள் நான்.

நீல பாட்டிலைப் புதிதாக மாற்றிக் கொடுத்தவர் ரெம்பாவ் ஊர்க்காரர், தனியாளாக வேலை எடுத்துச் செய்பவர். மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆலையை நிறுத்தியிருந்த நாளில் பிரேக்கரை வெளியே இழுத்து, முனைகளைப் பிரித்துவைத்து, உயர் அழுத்த மின்சாரம் கொடுத்துச் சோதித்தேன். சிவப்பும் மஞ்சளும் தாங்கின. நீலத்தில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல். சோதனைக் கருவி தானாகவே மின்சாரத்தை வெட்டிக்கொண்டது. மறுபடி கொடுத்தேன், மறுபடி வெட்டியது.

பழைய பாட்டிலைப் புதுசு என்று மாட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். மாட்டிய அன்று அவர் என்னை டீ குடித்து வரச் சொன்னது ஞாபகம் வந்தது. அன்று அன்பாகத் தெரிந்தது இப்போது திட்டமாகத் தெரிந்தது. எங்கள் வட்டாரத்து ஆலை மின்காரர்கள் இதையெல்லாம் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பேச்சில் பெயர் கெட்டவரை எந்த ஆலையும் கூப்பிடாது. தெரிந்தேதான் லிங்கி ஆலையில் இருக்கும் என் கூட்டாளிக்குச் சொன்னேன். அடுத்த வாரம் ரெம்பாவ்காரர் அங்கே வேலை தொடங்க இருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவரையே கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

“அண்ணே, பாட்டில தொடச்சிட்டுத்தான டெஸ்ட் போட்டீங்க?”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?”

நான் துடைக்கவில்லை. முதல் தடவை சோம்பல். இரண்டாம் தடவை, சந்தேகமே போதும் என்று இருந்துவிட்டேன்.

அவர் பின்மூடியைக் கழற்றினார். நீல பாட்டிலின் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை காய்ந்த சந்தனம் கோடாக வழிந்திருந்தது, உச்சியில் குங்குமம். ஆயுத பூசைக்கு இதே மூடியைக் கழற்றி மூன்று பாட்டிலுக்கும் பொட்டு வைத்தவன் நான்தான். புதுசாயிற்றே என்று நீலத்துக்கு மட்டும் தாராளமாக அப்பியிருக்கிறேன். மழைக்கால ஈரத்தில் மின்சாரம் பாட்டிலுக்கு வெளியே, அந்தச் சந்தனத்தின் மேலேயே ஓடியிருக்கிறது.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சோதித்தோம். சத்தமே இல்லை, நீலமும் தாங்கியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பரவால்லண்ணே. லிங்கிக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. வர்ற வழியில அங்கேருந்து போன் வந்துச்சு, வேலைக்கு வரவேணாம்னு.”

அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டே கூட்டாளியிடம் பேசினேன். தப்பு முழுக்க என்னுடையது, பொட்டு வைத்ததும் நான்தான், துடைக்காததும் நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

“சந்தனமா? நல்லா இருக்குலா கதை,” என்றான் கூட்டாளி. “உண்மையச் சொல்லு, அவன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?”