மூன்று பக்கக் காய்ச்சல்

சிரித்தபோதுதான் முதலில் வலித்தது. ஆம்பூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபடி கைப்பேசியில் ஒரு மங்கா (ஜப்பானியப் படக்கதை) படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்கள் காதலிக்கும் வகை. பத்து வருடமாகப் படிக்கிறேன், பெரும்பாலும் திட்டிக்கொண்டே. ஒருவனுக்குக் காய்ச்சல். மற்றவன் ஈரத்துணி போடுகிறான், கஞ்சி ஊட்டுகிறான், முத்தமிடுகிறான். மூன்றாம் பக்கத்தில் காய்ச்சல் காணாமல் போய்விட்டது. முத்தமிட்டவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சிரித்தேன். வலது விலாவில் ஊசி இறங்கியது.

மூன்று வாரம் அதை வாய்வுப் பிடிப்பு என்றே நம்பினேன். பிறகு மாலைதோறும் காய்ச்சல். வேலூரில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ‘ப்ளூரல் எஃப்யூஷன்’ (நுரையீரல் உறையில் நீர் கோத்தல்) என்றார்கள். முதுகு வழியே ஊசி செலுத்தி எடுத்த நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. காரணம் காசநோய்.

கூட சலீம் இருந்தான். ஏழு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். ஊருக்கு அவன் என் ரூம்மேட். அணைக்கட்டிலிருந்து வந்திருந்த என் அக்காவுக்கும் அப்படித்தான்.

அந்தக் கதைகளாக இருந்தால் இந்த இடத்தில் ஒருவன் மற்றவனின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து, “எனக்கு ஆம்பளைங்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான்” என்பான். மிரட்டலைக் காதல் என்றும், கோழைத்தனத்தைக் கவிதை என்றும் விற்கும் வசனம். உயரமானவன் ஆள்வான், குட்டையானவன் சமைப்பான். பெண் வந்தால் பிரிக்கத்தான் வருவாள்.

நடந்தது வேறு.

“ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. கூட இருக்கறவங்களையும் செக் பண்ணணும். வீட்ல யார் யார்?” என்றார் டாக்டர்.

“நான்தான் டாக்டர்,” என்றான் சலீம்.

“ஒரே ரூமா?”

சலீம் அக்காவைப் பார்த்தான். பிறகு என் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான்.

“ஒரே கட்டில் டாக்டர்.”

டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். “அப்ப நீங்களும் எக்ஸ்ரே எடுத்துடுங்க.”

அக்கா எழுந்து வெளியே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். தாழ்வாரத்துக்கு வந்தபோது எக்ஸ்ரே வரிசையில் நின்றிருந்தாள்.

“இன்னா சலீம், அங்கயே நிக்கற? உனக்குத்தான் எடம் புடிச்சிருக்கேன். சீட்ட குடு.”

அவனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அக்கா அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சலீமிடம் தினமும் போனில், “மாத்திரை போட்டானா?” என்று மட்டும் கேட்டாள்.

இதே மாத்திரையைத் தொடங்கியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்படாதீர்கள். குமட்டும். சலீம் ஒருநாளும் நெற்றியை வருடவில்லை. “பேஜார் பண்ணாத, முழுங்குடா,” என்று கத்தினான். வாந்தி வாளியைக் கழுவும்போதும் கத்தினான். அதை எந்த மங்கா ஓவியனும் பூக்கள் உதிர வரைய மாட்டான்.

மருந்து முடிந்துவிட்டது. நுரையீரல் உறை கொஞ்சம் தடித்திருக்கிறது (பழைய புண்ணின் தழும்பு). ஆழமாக மூச்சிழுத்தால் ஓர் இடத்தில் பிடிக்கும். காட்பாடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் நிற்கிறேன். இப்படி நிற்பது முன்பு அவமானமாக இருந்தது. சலீம் மேலே போய்க் கைப்பிடியில் சாய்ந்துகொள்கிறான், அவசரப்படுத்துவதில்லை. கீழே நாங்கள் ஏற வேண்டிய வண்டி கிளம்புகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த படியில் கால் வைக்கிறேன்.