தரம் கூடிய வீடு

எந்தக் கடைக்குப் போனாலும் அவள் எதையும் வாங்க மாட்டாள். விலை மட்டும் கேட்பாள். மளிகைக்கடை, செருப்புக்கடை, முடிவெட்டும் கடை, பல் டாக்டர், செல்போன் கடை என்று மாதத்துக்கு நாற்பத்திரண்டு இடங்கள். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. சோப்பு என்றால் அதே கம்பெனி, அதே நிறம், அதே எடை. நோட்டு என்றால் அதே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். விலையைக் கேட்டு, அலுவலகம் கொடுத்த டேப்லெட்டில் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பாள்.

கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் விலையம்மா. "விலையம்மா வந்தாச்சு, விலையெல்லாம் கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்கப்பா" என்று மளிகைக்கடைக்காரர் அலமாரியைப் பார்த்துச் சொல்வார். அவளும் சிரிப்பாள். ஒரு நாளும் அந்தக் கடையில் ஓசிக்கு ஒரு மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டதில்லை.

அவளுக்குத் தன் வேலையில் பெருமை உண்டு. நாடு முழுக்க இவளைப் போன்றவர்கள் தட்டி அனுப்புவதையெல்லாம் தலைநகரத்தில் கூட்டிக் கழித்து, விலைவாசி இத்தனை சதவீதம் ஏறியது என்று ஒரே ஓர் எண்ணாக்குவார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மத்திய வங்கி வட்டியை ஏற்றும், இறக்கும். அதே எண்ணை வைத்துக்கொண்டுதான் டிவியில் ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒருவர் குரல்வளையை ஒருவர் கடிப்பார்கள். அவள் தெருத்தெருவாக அலைந்து கால் தேய்ந்ததெல்லாம் அந்த எண்ணுக்குள் எங்கோ ஒரு புள்ளியாக இருக்கிறது. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி, நிரந்தரம் கிடையாது, மழைக்கு ஒரு குடைகூடத் தர மாட்டார்கள். இருந்தும் தப்பாக ஒரு எண் போய்விடக் கூடாது என்று நெருப்பாக இருப்பாள்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'தரம் கூடியது' என்று பெயர். பொருள் முன்பைவிட நல்லதாகிவிட்டால், கூடுதல் விலை விலையேற்றம் ஆகாது. நல்ல பொருளுக்கு நல்ல விலை, அவ்வளவுதான். இப்படித்தான் செல்போன் விலை வருடா வருடம் இறங்குகிறது. கேமரா கூடிவிட்டதாம். "இறங்கிருச்சுன்னு எழுதுறீங்களே, அந்த இறங்கின விலைக்கு உங்க ஆபீசுல யாராவது வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க பாப்போம்" என்பார் செல்போன் கடைக்காரர். அதற்கும் அவள் சிரித்துவிட்டுத்தான் கட்டத்தைத் தட்டுவாள்.

அவள் கணவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். முட்டி இரண்டும் காய்த்துப்போனவன். கைவேலையில் அவனை ஒருவர் குறை சொல்ல முடியாது. மத்திய வங்கி ஒன்றரை வருடத்தில் ஏழு முறை வட்டியை ஏற்றியதில், பாதிக் கட்டடங்கள் கம்பியும் தூணுமாக நின்றுபோயின. ஆறு மாதமாக அவனுக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை கிடைத்தால் அதிசயம். ஒரு நாள் சாப்பிடும்போது டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர், விலைவாசி அடங்க வேண்டுமானால் தேவையைக் கொஞ்சம் குளிர வைத்தாக வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

"என்னைத்தான் சொல்றான்" என்றான் கணவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நான்தான் அந்தத் தேவை. ஆறு மாசமா நல்லா குளுந்துபோய்த்தானே கெடக்கேன். இன்னும் என்ன, ஐஸ் பெட்டியில வைக்கணுமா?"

மகள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். குரல் உயர்த்தாத மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மகளின் படிப்பை விசாரித்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வாடகை பன்னிரண்டாயிரம் இல்லை, பதினேழாயிரம் என்றார்.

அவள் வாயிலிருந்து வந்தது பத்தொன்பது வருடப் பழக்கம். "போன மாசத்தைவிட மாறினதுக்குக் காரணம்?"

கேட்ட பிறகுதான் அது படிவத்தின் கேள்வி என்று உறைத்தது. கணவன் அவளை முறைத்தான். வீட்டுக்காரருக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

"வட்டிம்மா. கட்டடத்து மேல கடன் இருக்கு. மாசாமாசம் பேங்க்காரன் ஏத்திக்கிட்டே போறான். என் அடிமடியிலேயே கை வைக்கிறான். நான் எங்க போவேன்?"

இரண்டு மாடி வீடுகளும் ஒரு மருந்துக்கடையும் வைத்திருப்பவர் எங்கே போவேன் என்று கேட்டார். நாலு வருடம் முன்னால் இதே மத்திய வங்கி வட்டியைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. ஜனங்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று சொல்லித்தான் இறக்கியது. அப்போது இந்த மனிதரின் கடை வாசலில் வங்கி மேலாளர் வந்து நின்றார். இந்தக் கட்டடத்தை அடமானம் வைத்து அந்தக் கட்டடம், அந்தக் கட்டடத்தைக் காட்டி இன்னொரு மனை. அதே மாதம் அவளும் கணவனும் அதே வங்கிக்கு, ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றுக்குக் கடன் கேட்டுப் போனார்கள். சம்பளச் சீட்டு கேட்டார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு யார் சம்பளச் சீட்டு தருவார்கள்? அந்த வீட்டின் விலை மூன்றே வருடத்தில் இரண்டு மடங்கானது. மலிவான பணம் எல்லோருக்கும்தான் வந்தது என்கிறார்கள். வந்தது, கதவு இருந்தவன் வீட்டுக்கு வந்தது.

"வட்டி இறங்கினப்ப வாடகை இறங்கலையே சார்?" என்றாள் அவள்.

"அது வேறம்மா" என்றார் அவர்.

அது எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, கோட்டுப் போட்டவர்களும் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் போன பிறகு கணவன் கொதித்தான். அவள் கொதிக்கவில்லை. அவளுக்குச் சட்டம் தெரியும். அரசாங்கம் அறிவிக்கும் விலைவாசி எண்ணுக்கு மேல் வாடகையை ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. வாடகை முறையீட்டு அலுவலகத்தில் மனுப் போடலாம். எண் நாலுக்குள் நிற்கிறது. பதினேழாயிரமாவது, மண்ணாவது. அதோடு இந்த வீடே வாடகைக் கணக்கெடுப்புக்குக் குலுக்கலில் விழுந்த வீடுகளில் ஒன்று. கடைகளோடு இப்படிச் சில வாடகை வீடுகளுக்கும் அவளைப் போன்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை படிவம் நிரப்ப வேண்டும். தன் வீட்டுக்குத் தானே நிரப்பக் கூடாது என்பதால் இதற்கு அவளோடு வேலை செய்கிற குடைக்காரி வருவாள். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வராதவள் என்பதால் அந்தப் பெயர்.

"நம்ம வீட்டுல ஏத்தினது அந்த எண்ணுக்குள்ள போயிரும், பாருங்க. உண்மை மேல போய்ச் சேரும்" என்றாள் கணவனிடம்.

"போய்ச் சேர்ந்து?" என்றான் அவன். "ஏறுச்சுன்னு எழுதினா இன்னும் வட்டிய ஏத்துவான், எனக்கு இருக்கிற ஒரு நாள் வேலையும் போகும். ஏறலைன்னு எழுதினா, பாத்தீங்களா, நாங்க அடக்கிட்டோம்னு மைக்ல பேசுவான். நீ எப்படி எழுதினாலும் உதை நமக்குத்தான்."

அவள் மனுவை எழுத உட்கார்ந்தாள்.

மனு விசாரணைக்கு வந்த அன்று காலையில்தான் அந்த மாதத்து எண் வெளியானது. மூன்று புள்ளி ஒன்பது. முறையீட்டு அலுவலகத்துக் கூடத்து டிவியில் ஆளுங்கட்சிக்காரர் மேசையைத் தட்டி இது சாதனை என்றார். எதிர்க்கட்சிக்காரர், உண்மையான எண் நாலு புள்ளி ஒன்று, மறைக்கிறார்கள் என்று கத்தினார். இந்தப் புள்ளி இரண்டுக்காகவா இவ்வளவு எச்சில் தெறிக்கிறது என்று பக்கத்தில் இருந்த பெரியவர் முணுமுணுத்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த முப்பது பேர் கையிலும் வாடகை நோட்டீஸ் இருந்தது. ஒன்றில்கூட நாலு சதவீதம் இல்லை.

அதிகாரி இளைத்த மனிதர், சிடுசிடுப்பு இல்லாதவர். வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டினார். வாடகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நகல். குடைக்காரி போன வாரம் நிரப்பியது. அதிகாரி படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தரம் கூடியதுன்னு இருக்கேம்மா. சமையலறை, குளியலறை ரெண்டுலயும் புது டைல்ஸ். எண்ணுக்கு மேல ஏத்தக் கூடாதுதான். ஆனா தரம் கூடியிருந்தா அது ஏத்தமே கிடையாது."

கணவன் எழுந்தே விட்டான். "அந்த டைல்ஸ ஒட்டினது நான் சார்! போன வருசம் ஒரு சைட்ல மிச்சமாகிக் கெடந்தத மேஸ்திரிகிட்ட கெஞ்சி வாங்கி, என் சொந்தக் கையால, மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒட்டினேன். தரை பேந்து இவளுக்குக் கால் கிழியுதுன்னு ஒட்டினேன். இவரு ஒரு மூட்டை சிமெண்டுகூடத் தரல!"

"பில் இருக்கா?"

"மிச்ச டைல்ஸுக்கு எவன் சார் பில்லு குடுப்பான்? முட்டி இருக்கு, பாக்குறீங்களா?"

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். வெட்கம் இருந்திருக்கலாம், இருந்தும் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, உண்மை என்றும் சொல்லவில்லை. மனு தள்ளுபடி ஆயிற்று. பதினேழாயிரம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

அவள் நேராகக் குடைக்காரியைத் தேடிப் போனாள். பேருந்து நிறுத்தத்தில் பிடித்தாள்.

"எங்க வீட்டுச் சமையலறையில எத்தனை தடவை உக்காந்து சாப்பிட்டிருப்பே? அதை ஒட்டினது யாருன்னு உனக்குத் தெரியாது?"

குடைக்காரியின் முகம் வெளுத்தது. "தெரியும்க்கா. ஆனா யாரு காசுன்னு கேக்கறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லியே. எது புதுசா இருந்தாலும் தரம் கூடினதுன்னு தட்டிட்டு அடுத்த வீட்டைப் பாருன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க? தெரிஞ்சவங்க வீடுன்னு மாத்தக் கூடாதுன்னும் நீங்கதானே சொன்னீங்க?"

அவள்தான் சொன்னாள். அதுவும் வேலையில் சேர்ந்த முதல் நாளே, கண்டிப்பாக, விரலை ஆட்டிச் சொன்னாள்.

அன்று மாலை அவள் தன் பட்டியலில் இருந்த வாடகை வீடுகளை ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தாள். பதினாலு வீடுகள். தண்ணீர் மோட்டார் மாற்றிய வீடு, புதுக் கதவு போட்ட வீடு, ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்த வீடு. எல்லாவற்றிலும் கட்டத்தைத் தட்டியிருக்கிறாள். ஒரு வீட்டிலும், ஒரே ஒரு வீட்டில்கூட, யார் காசு என்று கேட்டதில்லை. குடியிருப்பவர்கள் தங்கள் கையிலிருந்து போட்டு ஒட்டியதும் மாட்டியதும் வீட்டுக்காரர்களின் வாடகையை ஏற்றியிருக்கின்றன. ஏற்றியதை ஏறவே இல்லை என்று எழுதியவள் அவள். அந்த ஏறாத வாடகைகளைக் கூட்டித்தான் மூன்று புள்ளி ஒன்பது. அதை வைத்துத்தான் மேசையைத் தட்டினார்கள். மத்திய வங்கிக் கவர்னரை, வீட்டுக்காரரை, குடைக்காரியை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்த மனம், தன் பெயர் வந்ததும் திட்ட வார்த்தை இல்லாமல் நின்றது.

மேற்பார்வையாளரிடம் போனாள். "பில் இல்லாம தரக் கட்டத்துல தட்டினத எடுத்தா சிஸ்டம் படிவத்தத் திருப்பி அனுப்பிடும்மா. திருப்பி அனுப்பினதுக்குக் கூலி கிடையாது. உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் அவர்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார்கள். கணவன் உளியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனான், பேர்த்தே தீருவேன் என்று. முன்பணம் இன்னும் அந்த மனிதர் கையில்தான் இருந்தது. உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டான். புது வீடு ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து தள்ளி. ஒரே அறை. மகள் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். கடைசி வருடப் படிப்பு. கேட்டால் பேருந்தில் படிக்கிறேன் என்கிறாள்.

அடுத்த சுற்று வந்தது. பட்டியலில் முதல் வீடு தையல்காரியின் வீடு. ஆறு வருடமாக அதே வாசல், அதே தையல் இயந்திரச் சத்தம். போன சுற்றில் மோட்டார் மாறிய வீடு அதுதான். வாடகை கேட்டாள், அறை எத்தனை என்று கேட்டாள். அதற்குப் பிறகு படிவத்தில் இல்லாததைக் கேட்டாள்.

"அந்த மோட்டாரு யாரு காசுல மாத்தினதும்மா?"

தையல்காரி காலை மிதியிலிருந்து எடுத்தாள். இயந்திரம் நின்றது.

"என் காசு. ரெண்டு மாசம் ராப்பகலா தெச்ச காசு. அதுக்கு ரெண்டாயிரம் ஏத்தினான். ஆறு வருசமா வந்து தட்டிட்டுப் போறீங்களே, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" அவள் பார்வை விலையம்மாவின் கையிலிருந்த டேப்லெட்டிலிருந்து முகத்துக்கு ஏறியது. "என்ன, உங்க வீட்டுலயும் ஏத்திட்டானா?"

"ஆமா" என்றாள் விலையம்மா.

தையல்காரி அவளை உட்காரச் சொல்லவில்லை. மறுபடியும் காலை மிதியில் வைத்தாள்.

விலையம்மா நின்றபடியே, போன சுற்றில் தரக் கட்டத்தில் தட்டியதை எடுத்துவிட்டு அனுப்பினாள். படிவம் அதே நிமிடத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் வந்தது. இன்னும் பதிமூன்று வீடுகள் இருந்தன. அவள் படியிறங்கி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.