ஏறி நின்ற அன்டெனா

பின்னேரம் நாலு நாற்பதுக்கு என் காரின் அன்டெனா முழு நீளத்துக்கும் ஏறி நின்றது. அதோடு, சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் எங்கள் தெருவின் நிம்மதி போய்விட்டது.

பழைய ஜப்பான் கார் அது. றேடியோவைப் போட்டால் அன்டெனா தானாக ஏறும், நிறுத்தினால் இறங்கும். கடந்த பெருநாளிலிருந்து அதன் மோட்டர் உறுமிக்கொண்டு பாதியிலேயே நின்றுவந்தது. இதற்கு உதிரிச் சாமான் கிடைக்காது, ஏறி இறங்காத சாதாரணக் கம்பி ஒன்றைப் பூட்டிவிடுங்கள் என்றார் கராஜ்காரர். சின்ன வேலைதானே, நானே செய்கிறேன் என்று வாங்கி வந்தேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை, கடல்தான் வந்தது. அதன்பிறகு, எங்கேயாவது நிலம் ஆடியதாம் என்று கேள்விப்பட்டால் மட்டுமே நான் காருக்குள் போயிருந்து றேடியோ கேட்பேன். போனை நம்பமாட்டேன். என் அன்டெனா ஏறினால் அயலவர்கள் ஓடுவதற்குச் செருப்பைத் தேடுவார்கள். அது ஏறிய ஒருநாளும் கடல் வந்ததில்லை. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறையவுமில்லை. பாதியில் நிற்கத் தொடங்கியபின் தெருவும் பாதிப் பயத்தோடு சமாளித்துக்கொண்டது.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து டிக்கியைத் திறந்தேன். அன்டெனாவிலிருந்து றேடியோவுக்கு அலை கொண்டுபோகும் வயரை முதலில் கழற்றினேன். கம்பியை வெளியே எடுக்க அது ஏற வேண்டும் என்பதால் றேடியோவைப் போட்டேன். மாதக்கணக்காக அடம்பிடித்த மோட்டர் ஒரே மூச்சில் கம்பியை உச்சிவரை தள்ளியது. பிறகு இறங்க மறுத்தது.

முன்வீட்டு ராத்தா கேற்றடிக்கு வந்தா.

“என்ன சேர், கடலா?”

“இல்ல ராத்தா. அன்டெனாவக் கழட்டப் போறன்.”

“கழட்டுறதுக்கு ஏன் ஏத்தின?”

“ஏத்தினாத்தான் கழட்டலாம். பயப்படாதீங்க.”

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. ராத்தா திரும்பி, தெருவுக்கே கேட்கச் சொன்னா: “சேர் பயப்படாதீங்க எண்டு சொல்றாரு! படிச்ச மனிசன், எங்களுக்கிட்ட மறைக்காரு!”

கொஞ்ச நேரத்தில் காணி உறுதிகளும் நகைகளும் பைகளில் ஏறின. ஒருவர் மோட்டார் சைக்கிளில் மனைவியையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டார். என் மனைவி ஒலுவில் கெம்பஸ் விடுதியில் இருக்கும் மகளுக்குப் போன் எடுத்து, “வாப்பா அன்டெனாவ ஏத்திட்டாரு” என்று சொன்னதோடு லைன் அறுந்தது. திரும்ப எடுத்தால் மகளின் போன் நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த விடுதியிலிருந்து கடல் தெரியும். அதைப் பார்த்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன்: கடல் என்றால் மேற்கே வயல் பக்கம் ஓடு, யாருக்காகவும் நிற்காதே.

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். கம்பியை ஏற்றியவன் நான், ஏன் ஏற்றினேன் என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான். ஆனால் இத்தனை பேர் ஓட ஆயத்தமானதைக் கண்டதும், ஒருவேளை இவர்களுக்கு ஏதாவது தெரியுமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. றேடியோவில் உண்மையைக் கேட்கலாம் என்று ஓடினேன். வெறும் இரைச்சல். வயரைக் கழற்றி வைத்தவன் நானே.

பழைய கம்பியைப் பிடுங்கி, மோட்டருக்குப் போன வயர்களுக்கு டேப் சுற்றி, புதுக் கம்பியைப் பூட்டி, கழற்றிய றேடியோ வயரையும் அதோடு இணைத்தேன். என் வாழ்நாளில் ஒரு வேலையை இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. றேடியோ தெளிவாகப் பேசியது. சவர்க்கார விளம்பரம். அதன்பின் ஒரு பாட்டு. அதன்பின் இன்னொரு சவர்க்காரம்.

“ஒண்டும் இல்லியாம்!” என்று கத்தினேன். ஆடு முதலில் இறங்கியது. மகளின் போன் மட்டும் நிறுத்தப்பட்டே இருந்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது தெருமுனையில் ஒரு ஓட்டோ திரும்பியது.

மகள் இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை. மேற்கே ஓடாமல், கடலோர வீதி நெடுக எங்களைத் தேடி வந்திருக்கிறாள்.

“ஏன்டி இங்க வந்த?”

“போன்ல சார்ஜ் முடிஞ்சிட்டு. நீங்க காருக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டே இருப்பீங்க, ஓடமாட்டீங்க எண்டு தெரியும். இழுத்துக்கொண்டு போக வந்தன்.”

அவள் புதுக் கம்பியைத் தொட்டு அமத்திப் பார்த்தாள்.

“இது இறங்காதா வாப்பா?”

“இறங்காது. எப்பவும் இப்பிடித்தான் நிக்கும்.”

“அப்ப இனி நாங்க எப்பயெண்டு ஓடுற?”